சொரசொர, வழவழ

"இந்த ஆளு ஒரு மக்குன்னு உங்க சீட்டை வச்சே நிரூபிச்சுக் குடுத்துடுங்க தம்பி. நீங்க கேட்ட நாப்பது வாசகர்களையும் நானே கூப்பிட்டு உக்கார வைக்கிறேன்" என்றார் நூலகர் தேவநாதன்.

மணவாளனுக்குக் கசக்குமா? சிதம்பரத்தில் நூலக ஆராய்ச்சி செய்பவன் அவன். கடலூருக்கு வந்து மூன்று நாளாக அலைந்தும் ஒரு வாசகர்கூட அகப்படவில்லை. வாசகர் இல்லாவிட்டால் ஆராய்ச்சி அம்பேல்.

அவன் ஆராய்ச்சி ஒரு தினுசு. புத்தகப் பேர் எழுதிய சீட்டுக் கட்டைக் கொடுத்து, எது எதோடு சேரும் என்று பிரிக்கச் சொல்வான். பிறகு மூன்று சீட்டை நீட்டி, "இதுல எந்த ரெண்டு ஒரே மாதிரி? எது வேற? ஏன்?" என்று கேட்பான். பதிலைக் கேட்டால் அந்த ஆளின் மனசே தெரிந்துவிடும் என்று அவனுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார்.

தேவநாதன் சொன்ன மக்கு, அட்டெண்டர் அபுபக்கர். போன மாதம் வந்த மேலதிகாரி, அலமாரியில் ஒரு புத்தகம்கூட நம்பர் வரிசையில் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அபுபக்கரைக் கிள்ளை ஊர் நூலகத்துக்கு மாற்றச் சொல்லி தேவநாதன் மனுப் போட்டாயிற்று. ஆராய்ச்சிக்காரர் கடுதாசியும் கூட இருந்தால் கேஸ் பலமாகும்.

"முந்தியெல்லாம் ஒழுங்காத்தான் அடுக்குனாரு தம்பி. ரெண்டு வருஷமா புத்தி மழுங்கிப்போச்சு. நான் இருக்கறதால பொழப்பு ஓடுது. எனக்கு நம்பரே வேணாம். பேரைச் சொன்னா கை தானா போயி எடுக்கும். அனுபவம்!"

பெருமையாகச் சொல்லிவிட்டு, தன் மேஜைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அபுபக்கர் வந்தார். அந்த நூலகத்துப் புத்தகங்களின் பேர் எழுதிய சீட்டுகளைக் கடகடவென்று பிரித்து வைத்தார். மாட்டு வைத்தியமும் வான சாஸ்திரமும் ஒரே குவியலில் கிடந்தன. தென்னை வளர்ப்பு போய் இலக்கணத்தோடு உட்கார்ந்திருந்தது.

மணவாளனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று சீட்டை நீட்டினான்.

"மாட்டு வைத்தியம், வான சாஸ்திரம், தையல் கலை. எந்த ரெண்டு ஒரே மாதிரி?"

"முதல் ரெண்டும் சார்."

"எப்படி?"

"ரெண்டும் துணி ஒட்டின காலிகோ அட்டை. தொட்டா சொரசொரன்னு இருக்கும். தையல் கலை வழவழ."

"சரி, இந்த மூணு?"

"இதுங்க ரெண்டும் தடி. இது ஒல்லி."

"பாய், உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்கவே மாட்டீங்களா?"

"பாப்பேன் சார். ஆனா அடுக்குறதுக்கு அது ஒதவாது."

மணவாளன் ஒரு தாளில் 'சொரசொர, வழவழ, தடி, ஒல்லி' என்று வரிசையாகக் குறித்துக்கொண்டான். இன்னொரு தாளில், 'நூல்களை வகைப்படுத்தும் அறிவு இவருக்கு அறவே இல்லை. இப்பணிக்கு இவர் லாயக்கற்றவர்' என்று அழுத்தம் திருத்தமாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். நாற்பது வாசகர்கள் என்றால் சும்மாவா?

தாளைக் கொண்டுபோய் தேவநாதனிடம் நீட்டினான். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தார்.

"ஆகா! நான் நெனச்சதை அப்படியே எழுதிட்டீங்க. அந்தக் கடைசி வரி இருக்கு பாருங்க, பிரமாதம்!"

மணவாளன் பூரித்துப்போய்த் தன் கையைப் பார்த்தான். கடுதாசி அவன் கையிலேயே இருந்தது. அவசரத்தில் அவரிடம் நீட்டியது சொரசொர வழவழ தாளை.

"சார், அது வந்து..." என்று அவன் வாயைத் திறக்கும்போதே, பின்னால் நின்ற அபுபக்கர் அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவர் அவசரமாக வந்து நின்றார். "அய்யா, மாட்டு வைத்தியம் புஸ்தகம் இருக்குங்களா? பசு ரெண்டு நாளா தீவனம் எடுக்கல."

தேவநாதன் எழுந்தார். அலமாரிகளை விரலால் எண்ணிக்கொண்டே நடந்தார். மூன்றாவது அலமாரியில் கையை விட்டு, புத்தகங்களை முதுகு முதுகாகத் தடவி, ஒன்றை உருவினார். மாட்டு வைத்தியமேதான்.

"பாத்தீங்களா தம்பி? நம்பர் பாத்தேனா?"

மணவாளன் அவர் விரல்களையே பார்த்தான். அபுபக்கர் அவனை மெதுவாகச் சன்னல் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார்.

"அவருக்கு ரெண்டு வருஷமா கண்ணு மங்கி எழுத்தே தெரியல சார். வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னு யாருக்கும் சொல்லல. எனக்குத் தெரியும்னும் அவருக்குத் தெரியாது. ஏழு மாசத்துல ரிட்டையர் ஆயிடுவாரு."

மணவாளன் கையிலிருந்த கடுதாசியை நாலாக மடித்தான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"என்னை மக்குன்னு வேணா எழுதிக்குங்க சார், பரவால்ல" என்றார் அபுபக்கர். "கிள்ளைக்கு மட்டும் அனுப்பிடாதீங்க. புதுசா வர்ற ஆளு எல்லாத்தையும் நம்பர் பிரகாரம் அடுக்கிப்புடுவாரு."