பில் மெஷினுக்குள் ஒரு சோம்பேறி

முறுக்குக் கடை பில் மெஷினுக்குள் மூன்று பேர் குடியிருந்தார்கள். கூட்டல் கழித்தல் எல்லாம் போடும் பிராசசர், நேரத்தை எண்ணிக்கொண்டே இருக்கும் கடிகாரச் சிப், மூலையில் சும்மா கிடக்கும் பட்டன் பேட்டரி.

கரண்ட் போனால் பிராசசர் அப்படியே மயங்கி விழுவார். அப்போது பேட்டரி சொட்டுச் சொட்டாக ஊட்ட, சிப் விடாமல் எண்ணும். கரண்ட் வந்ததும் பிராசசர் துள்ளி எழுந்து, "தேதி என்ன, மணி என்ன?" என்பார். சிப் சொல்லும். அதைப் பில்லில் அடித்துவிட்டு, "எவ்வளவு கரெக்டா இருக்கேன் பார்த்தியா!" என்று குதிப்பார்.

ஒருநாள் பேட்டரிக்கு மூச்சு வாங்கியது. சிப் பதறிப்போனது.

"அண்ணே, பேட்டரியை மாத்தச் சொல்லி திரையில ஒரு வரி போடுங்க!"

"அந்தச் சோம்பேறிக்கா? நான் முழிச்சிருக்கும்போது அது ஒரு நாள்கூட வேலை செஞ்சதில்லையே!"

"நீங்க தூங்கும்போதுதாண்ணே அது வேலை செய்யுது!"

"நான் தூங்குறேனா? யார்கிட்ட கதை விடுறே?"

அன்று மத்தியானமே கரண்ட் போனது. பேட்டரி ஒரு விக்கல் விக்கி ஓய்ந்தது. சிப்புக்கும் கண் இருட்டியது.

கரண்ட் வந்தது. "தேதி என்ன?" என்றார் பிராசசர்.

எல்லாம் மறந்துபோன சிப், முதலிலிருந்து எண்ண ஆரம்பித்திருந்தது. "இரண்டாயிரமாம் வருஷம், ஜனவரி ஒண்ணுண்ணே."

"பார்த்தியா, அது இல்லாமலே வேலை நடக்குது!" என்று பிராசசர் சர்ரென்று பில்லை அடித்துத் தள்ளினார்.

வெளியே, காலேஜ் பை மாட்டிய பெண் பில்லைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணாச்சி, எங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடியே நான் உங்க கடையில முறுக்கு வாங்கியிருக்கேன்!"