நாற்பதுக்கு நாற்பது

மொராக்கோவின் அட்லஸ் மலையடிவாரத்திலுள்ள அய்த் வஸ்மான் ஊருக்குக் கைபேசிக் கோபுரம் தேவையா என்று ஊராரிடமே கேட்டு முடிவுசெய்வது, ராபாத் அலுவலகத்தில் கென்ஸாவின் வேலை. முப்பத்தொன்பது பேரிடம் போனில் கேட்டாயிற்று. கடைசி ஆள், ஊர்த்தலைவர் இத்தர்.

“நான் பேசுறது தெளிவாக் கேக்குதா?”

“பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி கேக்குதும்மா. ஆனா...”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கய்யா. நடுவுல கட் ஆகுதா?”

“பொய் சொல்ல மாட்டேன், ஆகல. ஆனா போன வாரம் ஒரு பிரசவத்துக்கு ஆம்புலன்ஸக் கூப்பிட...”

“ஆம்புலன்ஸ் வேற துறை. ஏன் இப்படி மூச்சு வாங்குறீங்க?”

“அதத்தாம்மா சொல்ல வர்றேன்!”

“உடம்பப் பாத்துக்கங்க. நாற்பதுக்கு நாற்பது பேரும் நல்லாக் கேக்குதுன்னு சொல்லிட்டீங்க. உங்களுக்குக் கோபுரமே வேணாம்!”

வைத்துவிட்டாள்.

பனி படிந்த பாறைகளில் உட்கார்ந்திருந்த முப்பத்தொன்பது பேரும் இத்தரைச் சூழ்ந்தார்கள்.

“தலைவரே, நீங்களாவது சொன்னீங்களா?”

“எங்க சொல்ல விட்டா? பத்து மணிலேருந்து கூப்பிடுவோம்னு நோட்டீஸ் விட்டாங்களேன்னு, சிக்னல் கிடைக்கிற ஒரே இடம்னு விடியுமுன்னே கிளம்பி இந்த உச்சிக்கு ஏறி வந்தோம் பாரு, நம்மளச் சொல்லணும். மலை பாஸாயிடுச்சு. வாங்க, ஊருக்கு இறங்க மூணு மணி நேரம் ஆகும்.”