தீக்குக் குளிர்கிறது

நான் மூட்டிய தீ குளிர் பொறுக்காமல் கிடுகிடுவென்று நடுங்கியது. சிரிக்காதீர்கள். தீயணைப்பு வண்டியிலேயே தலை நரைத்தவன் நான்; எச்சிலைத் துப்பி ஒரு பஞ்சாலையையே அணைத்தவன்.

என் மனைவி தைலம்மைக்கு நோய் முற்றியதிலிருந்து கத்திரி வெயிலிலும் குளிர்தான். கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்தியும் விடவில்லை. டாக்டர் கையை விரித்தார். நான் மண்வெட்டியை எடுத்தேன். தென்னை மட்டை தலைக்கு மேல் நீளாத இடமாகப் பார்த்து, சருகைக் கூட்டித் தள்ளி, கொல்லையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினேன். ஆற்றுக்கல் சூட்டில் வெடிக்கும் என்பதால் சுற்றிலும் செங்கல் அடுக்கினேன். பக்கத்தில் ஒரு வாளி மணல்.

அவளை நாற்காலியோடு தூக்கி வந்து உட்காரவைத்தேன். குழியை எட்டிப் பார்த்தாள்.

"எனக்கா? நீளம் பத்தாதே."

"வாயப் பாரு. கைய நீட்டிக் காயி."

புளிய விறகு திகுதிகுவென்று எரிந்தது. என் சட்டை வேர்வையில் ஊறியது. அவளுக்குப் பல் தந்தியடித்தது. இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே என்றாள். எந்தத் தீயருகிலும் யாரையும் அவ்வளவு நெருங்க விட்டதில்லை நான். செங்கல் வரைக்கும் நாற்காலியை நகர்த்தினேன். அப்போதும் அவள் கை ஐஸாகவே இருந்தது.

"உனக்கு ஒண்ணுமில்ல, தைலம். தீக்குத்தான் குளிருது. எப்பிடி நடுங்குது பாரு."

"ஆரம்பிச்சிட்டீங்களா உங்க புளுக," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றையும் அவள் நம்பியதில்லை. ஆனாலும் தீயையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு தோளிலிருந்த கம்பளியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"ஆமாங்க, நடுங்கத்தான் செய்யுது. இத அதுக்குப் போத்தி விடுங்க."