எழில்மதிக்குப் பெரிய டிரம்

“அடிக்க மாட்டேன்னு பிள்ளை சொன்னா விட்டுருவீங்களா?”

தங்கையன் இப்படிக் கேட்டதும் சிவப்ரியா டீச்சர் சிரித்துவிட்டார். கோட்டுச்சேரி உயர்நிலைப் பள்ளியின் பாண்டு குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. சேர்ந்த பிள்ளைகளின் அப்பா அம்மாவைச் சனிக்கிழமை காலையில் வரச் சொல்லியிருந்தார்.

“பத்துப் பேர் வேணும்னா நாப்பது பேர் கை தூக்குறாங்க. மாட்டேன்னு யாருங்க சொல்லப் போறா?”

“நான் கேட்டதுக்கு இது பதில் இல்லையே.”

தங்கையன் பேச்சு அப்படித்தான். கொம்யூன் பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டி திறந்துவிடும் வேலை. இருபது வருஷத்துக்கு முன்னால் மனைவியோடு வேறு ஊரிலிருந்து கோட்டுச்சேரிக்கு வந்தவர். யாரையும் லேசில் நம்ப மாட்டார். டாக்டர் எழுதின மாத்திரையை மருந்துக் கடையில் ஒரு தடவை விசாரிப்பார். கடைக்காரர் கொடுத்ததைப் பக்கத்து வீட்டில் காட்டி இன்னொரு தடவை விசாரிப்பார்.

மகள் எழில்மதி ஒன்பதாம் வகுப்பு. வகுப்பிலேயே உயரமானவள் என்பதால் பெரிய டிரம் அவளுக்கு. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி காரைக்கால் கடற்கரைச் சாலையில் அணிவகுப்பு. பட்டியல் மதியத்துக்குள் போயாக வேண்டும். அப்பா கையெழுத்துப் போட்டால்தான் அதில் அவள் பெயர் ஏறும். அவள் டிரம்மை ஒட்டி நின்று அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் எல்லோருக்கும் சொன்னார். “பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு மணி நேரம் பயிற்சி. பரீட்சை வந்தா பயிற்சி கிடையாது. வெள்ளை ஷூ நீங்க வாங்கணும், டிரெஸ் நாங்க தர்றோம், துவைச்சுத் திருப்பித் தரணும். அவ்வளவுதான்.”

“மார்க்கு குறையுமா டீச்சர்?” என்று கேட்டார் முருகானந்தம். அவர் மகன் ஆதவனுக்குப் புல்லாங்குழல்.

“இருந்தாத்தானேப்பா குறையும்,” என்றான் ஆதவன். எல்லோரும் சிரித்தார்கள். தங்கையன் சிரிக்கவில்லை.

“ஊர்வலத்துல இவங்க முன்னாடி போவாங்களா, பின்னாடியா?”

“முன்னாடிதாங்க. பாண்டுக்குப் பின்னாடிதான் மத்த எல்லாரும்.”

“யாராச்சும் பெரிய மனுஷன் வீட்டு விசேஷம், காரியம்னு கூப்பிட்டா அனுப்புவீங்களா?”

“வீட்டுக்கெல்லாம் அனுப்ப மாட்டோம். பள்ளிக்கூட விழா, அரசாங்க விழா, அவ்வளவுதான்.”

“முடிஞ்சதும் டிபன் குடுப்பீங்கள்ல? அடிக்கிற பிள்ளைங்களும் மத்தப் பிள்ளைங்களும் ஒண்ணாவா உக்காரும்?”

டீச்சர் முகம் மாறிவிட்டது. முருகானந்தம் பக்கத்திலிருந்த அம்மாளிடம், “இதுக்குத்தான் இவ்வளவு சுத்தி வளைச்சிருக்காரு மனுஷன்,” என்று முணுமுணுத்தார்.

“ஒண்ணாத்தான் உக்காரும்,” என்றார் டீச்சர். குரல் கறாராக இருந்தது. “பிரிச்சு வைக்கிற வேலையெல்லாம் இங்க நடக்காது. மேளம் அடிக்கிறது கேவலம், அடிக்கிறவன் மட்டம்னு நினைச்ச காலம் போயாச்சு. உங்களை மாதிரி நாலு பேர்தான் இன்னும் அதையே புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கீங்க. உங்க பொண்ணு டிரம்மைத் தொட்டா குறைஞ்சு போயிடுவாளா?”

“நல்லாக் கேளுங்க டீச்சர்,” என்றார் முருகானந்தம்.

எழில்மதி தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தாள்.

தங்கையன் எழுந்தார். ஆனால் அவளிடம்தான் வந்தார்.

“உன்னை யாரு இதை அடிக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லலப்பா. நானாத்தான் கை தூக்கினேன்.”

“நிஜமா?”

“உயரமா இருக்கேன்னு டீச்சர் கொடியப் புடிக்கச் சொன்னாங்க. நான்தான் டிரம் குடுங்கன்னு கேட்டேன்.”

தங்கையன் டீச்சர் பக்கம் திரும்பினார். “முதல்ல கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.”

டீச்சருக்கு அலுத்துப்போய்விட்டது. “போன வருஷம் அல்லின்னு ஒரு பொண்ணு, பாதியில புடிக்கலைன்னு சொல்லுச்சு. சரிம்மான்னு டிரம்மை வாங்கி வச்சுட்டோம். இப்போ கோ-கோ விளையாடுது. போதுமா?”

“திட்டலையா?”

“எதுக்குத் திட்டணும்? புடிக்கலைன்னா விட்டுட்டுப் போகுது.”

தங்கையன் கொஞ்ச நேரம் டீச்சர் முகத்தையே பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். எழில்மதி மூச்சு விட்டாள்.

“வாரு தோளை அறுக்குமா?” என்றார் தங்கையன்.

டீச்சருக்கு இப்போது சிரிப்பு வந்துவிட்டது. “பஞ்சு வச்சுத் தைச்சிருக்கோம். இன்னும் நம்பிக்கை வரலைன்னா நீங்களே போட்டுப் பாருங்க.”

தங்கையன் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டு, டிரம்மைத் தூக்கி வாரைத் தோளில் போட்டார். கழுத்தோரம் கறுத்துத் தடித்துக் கிடந்த பழைய தழும்பின் மேல் வார் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

“சாவு வீட்டுக்கு இனிமே அடிக்க மாட்டேன்னு ஒரு நாள் சொன்னேன் டீச்சர்,” என்றார். “அன்னிக்கு ராத்திரியே ஊரை விட்டுத் துரத்திட்டாங்க.”