கொடுத்த வாக்கு

"இதோ பாரு, நான் என் கட்சிக்குப் போடுவேன், நீ உன் கட்சிக்குப் போடுவ. ரெண்டும் கழிஞ்சு போயிடும். அதுக்கு ரெண்டு பேரும் போகாம வீட்லயே இருந்துடலாம். நான் வாக்கு மீற மாட்டேன், நீயும் மீறக் கூடாது."

தேர்தலுக்குத் தேர்தல் தையல்காரர் மனைவியிடம் சொல்வதுதான். அவள் சிரித்த முகம் மாறவில்லை.

வாசலில் வந்து நின்ற மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். "படத்துக்கிட்டப் போய் பேரம் பேசுறீங்களே மாமா! அக்கா கண்ணை மூடி வருஷமாச்சு. இனி உங்க ஓட்டைக் கழிக்க யாரு இருக்கா? போய்ப் போட்டுட்டு வாங்க."

சபலம் தட்டியது. சுவரைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வாக்குச்சாவடியில் ஈ காக்கை இல்லை. விரலில் மை வைத்த அதிகாரி சிரித்தார். "தையல்காரர் நீங்கதானா? 'வீட்டுக்காரர் வாக்கு மீறிட்டார், பின்னாலயே வருவார்'னு உங்க வீட்டம்மா இப்பதான் சொல்லிட்டுப் போனாங்க."

அவர் அவசரமாக ஓட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தார். எவளோ கள்ள ஓட்டுப் போட்டுவிட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

படத்தில் அவள் அதே சிரிப்போடுதான் இருந்தாள். நாற்காலிக் கைப்பிடியில் வைத்திருந்த இடது கையின் ஆள்காட்டி விரலில் மை இன்னும் காயவில்லை.