கீழ்நோக்கிய பார்வை

அரசவை மண்டபத்தின் மேல் ஜன்னல் வழியே வரும் காலை வெயில் கல் ராஜாவின் நெற்றியில் விழுந்து, இமைகளில் வழிகிறது. சிலையின் காலடியில், தலையெல்லாம் கல்தூசியாக, சிற்பியோடு பேசிக்கொண்டிருக்கும் குள்ள மனிதர்தான் நிஜ ராஜா. “பார்வையை ஏன்யா இவ்வளவு கீழ இறக்கிட்டே?” “உள்ள நுழையறவனைப் பார்க்கணும்ல, மகாராஜா!” கதவு திறக்கிறது. போர் மிரட்டலோடு வந்திருக்கும் பகைநாட்டுத் தூதர் நெஞ்சை நிமிர்த்தி நுழைகிறார். நாலடி வைத்ததும் அந்தக் கல் பார்வை அவரைப் பிடித்து நிறுத்துகிறது. வந்த விறைப்பெல்லாம் பெட்டிப்பாம்பாக அடங்க, கைகள் தாமாகக் குவிகின்றன, இடுப்பு வளைகிறது. என்ன உளியோ அது! கும்பிட்டு நிமிர்ந்த தூதர், தூசி படிந்த குள்ளரிடம் கிசுகிசுக்கிறார்: “ராஜா எப்பப்பா வருவாரு?” குள்ளர் தோளைத் தட்டிக்கொள்கிறார். தூசி வெயிலில் மினுங்கிப் பறக்கிறது. “அதான் கும்பிட்டாச்சே, இனிமே அவரு எதுக்கு?”