மில் வாசல்

“ஜேசிபி எங்க வருதுன்னு யாராவது போய்ப் பாருங்கப்பா!” என்று கத்தினாள் செந்தமிழ்ச்செல்வி.

முதலியார்பேட்டையில், எப்போதோ மூடப்பட்ட பஞ்சாலையின் வாசல் வளைவுக்குக் கீழே முப்பது பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இருந்த கட்டடங்கள் எல்லாம் தரைமட்டமாகிவிட்டன. பிரெஞ்சுக்காரர்கள் காலத்துச் செங்கல்லில் கட்டிய இந்த வளைவு மட்டும்தான் மிச்சம். இடத்தை வாங்கியவர்கள் இன்று இதையும் இடிக்கப்போகிறார்கள்.

செல்வி மில் தொழிலாளியின் மகள். லாஸ்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். லீவு போட்டுவிட்டு, பழைய தொழிலாளிகளையும் அவர்கள் பிள்ளைகளையும் வீடு வீடாகப் போய் அழைத்து வந்திருந்தாள். சென்னையில் ஐகோர்ட் வாசலில் அவர்களுடைய வக்கீல் நின்றிருந்தார். மத்தியானத்துக்குள் ஸ்டே கிடைத்துவிடும் என்று சொல்லியிருந்தார். அதுவரை வளைவு நிற்க வேண்டும்.

“பீச் பக்கம் இருக்கிற பிரெஞ்சுக்காரன் பங்களாவுக்கெல்லாம் மஞ்ச பெயின்ட் அடிச்சு, போர்டு மாட்டி வச்சிக் காப்பாத்துறாங்க. நம்ம ஆளுங்க பாடுபட்ட எடம்னா மட்டும் ஜேசிபியா?” என்றாள்.

எல்லார் கண்ணும் கடலூர் ரோட்டுப் பக்கமே இருந்தது. ஒரு லாரி உறுமினாலும் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள்.

அவளோடு வீடு வீடாக அலைந்த செம்மல் அவள் காதருகே குனிந்தான். “அக்கா, அந்தாளக் கவனிச்சீங்களா? நம்ம கூட்டத்துல இதுக்கு முன்ன பாத்ததே இல்ல.”

ஓரமாக உட்கார்ந்திருந்தவனுக்கு நாற்பது வயது இருக்கும். உட்காருவான், எழுந்து ரோட்டைப் பார்த்துவிட்டு வருவான், மறுபடி உட்காருவான். அவன் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் பெயரைப் பார்த்துவிட்டுக் கட் செய்தான்.

செல்வி அருகில் போனாள். “உங்க பேரு என்னங்க?”

“மதிவாணன்க்கா.” முகத்தைத் துடைத்துக்கொண்டான். “ஸ்டே எப்பக்கா வரும்?”

“மத்தியானம் ஆவும்.”

“அதுவரைக்கும் இடிக்காம இருந்தாப் போதுமா?”

“போதும். ஆனா அவங்க சும்மா இருப்பாங்களா?”

“உத்தரவு வந்தப்பறம் யாராலயும் தொட முடியாதுல்ல?”

“எதுக்குடா இத்தினி கேள்வி?” செம்மல் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான். “யாருடா போன்ல? நாங்க எத்தினி பேரு இருக்கோம், எப்ப எழுந்து போவோம்னு அங்க சொல்றியா?”

“ஐயோ, இல்லண்ணே.”

“அப்ப எடுத்துப் பேசு. எங்க முன்னாடி பேசு.”

போன் மறுபடி அடித்தது. மதிவாணன் அதை ஸ்விட்ச் ஆஃப் செய்தான்.

“பாத்தீங்களாக்கா? இடிக்கிற காண்ட்ராக்டர் அனுப்பின ஆளுதான்!”

“எங்கம்மா இங்கதாண்ணே ஸ்பின்னிங்ல இருந்துச்சு” என்றான் மதிவாணன். “மில்லு மூடுனப்பறமும் தெனம் காலையில சோத்த எடுத்துக்கிட்டு வந்து இந்த வாசல்ல நிக்கும். தெறப்பாங்க, தெறப்பாங்கன்னு. நான்தான் வந்து கையப் புடிச்சி இட்டுக்கிட்டுப் போவேன்.”

செம்மலின் பிடி தளரவில்லை. “இப்படித்தான் கதை விடுவானுங்க.”

“விடு செம்மல்” என்றாள் செல்வி. “இங்கயே ஒக்காரட்டும். எங்கயும் போகக் கூடாது.”

“நான் போகலக்கா” என்றான் அவன்.

வெயில் ஏறியது. கொண்டுவந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. செல்வி வக்கீலுக்குப் போன் போட்டாள், அவர் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் ரோட்டில் ஏதோ வண்டி வந்து சடாரென்று நிற்க, “வந்துட்டானுங்க!” என்று யாரோ அலறினார்கள். பெண்கள் வளைவுக்குக் குறுக்கே வரிசையாகப் படுத்துவிட்டார்கள்.

வந்தது கார். காண்ட்ராக்டர் மட்டும் இறங்கினார். முகம் சிவந்திருந்தது.

“எங்க மேல ஏத்திட்டு இடிச்சுக்கோங்க!” என்று செல்வி கத்தியபோது அவள் கையிலிருந்த போன் அடித்தது. வக்கீல். கேட்டுக்கொண்டே இருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஸ்டே கெடச்சிடுச்சு... கெடச்சிடுச்சுடா!”

விசில் பறந்தது. படுத்திருந்தவர்கள் எழுந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். காண்ட்ராக்டர் அந்த ஆரவாரத்தைப் பொருட்படுத்தவே இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மதிவாணனிடம் போனார்.

“நான் அப்பவே சொன்னேன்லக்கா” என்றான் செம்மல். “அவன் ஆளுதான்!”

காண்ட்ராக்டர் கையை நீட்டினார்.

“ஜேசிபி காலையிலேர்ந்து தவளக்குப்பத்துல ரோட்டோரமா அநாதையா நிக்குது. சாவியக் குடுத்துட்டுப் போடா, இனிமே ஒனக்கு எங்கிட்ட டிரைவர் வேலை கெடையாது.”